மூன்றாம் ஓலை

கவர் மெல்லியதாக இருந்தது. கனகவிளைக் கோவிலில், ஆண்கள் பக்கத்து ஆறாவது பெஞ்சில், தூணுக்கும் பொன்ராஜ் அண்ணாச்சியின் அகன்ற தொடைக்கும் நடுவே உட்கார்ந்திருந்த ஞானசிகாமணி சார் சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டு மறுபடியும் தடவிப் பார்த்தார். மெல்லியதாகத்தான் இருந்தது. கடிதம் இரண்டு தாள். இரண்டு தாளையும் சேர்த்து நாலாக மடித்து இந்தப் பெயரெழுதாத வெள்ளைக் கவருக்குள் வைத்தது அவர்தான். வைக்கும்போது கவர் புடைத்துக்கொண்டு நின்றது அவருக்கு நினைவிருக்கிறது. இப்போது புடைப்பு இல்லை. தாள் தானாகவே சுருங்காது. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி, கடைசி ஒன்பது வருடம் தலைமையாசிரியராகவும் இருந்தவருக்குக் காரணமில்லாமல் காரியம் இல்லை என்பது பழகிப்போன பாடம். ஆனாலும் அவர் உடனே அந்தப் பக்கம் போகவில்லை. மழைக்காலமாக இருந்தாலாவது தாள் நைந்துபோயிருக்கலாம், இது ஆடி மாதம், காற்று ஜன்னல் கதவுகளைப் போட்டு அடிக்கிறது, தாள் நைய வழியில்லை என்று சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கவரை வெளியே எடுத்து, மடியில் வைத்து, உள்ளே இருந்ததை விரித்து, கையை நீட்டமுடிந்த மட்டும் நீட்டிப் பார்த்தார். கண்புரை ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். தூரத்துப் பொருள் எல்லாம் கழுவி வைத்ததுபோலத் தெரிகிறது; பீடத்தின் மேலிருக்கும் பித்தளைச் சிலுவையில் துடைக்காமல் விட்ட புளிக்கறைகூடத் தெரிகிறது. கையில் இருப்பதுதான் கலங்கல். கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி அடுத்த மாதம்தான் தருவார்கள். ஒற்றைத் தாள். கொட்டை எழுத்தில் முதல் வார்த்தை மட்டும் பிடிபட்டது. 'என்'. அவர் எழுதிய கடிதம் 'மகா' என்று தொடங்கும். 'என் இடது கண்ணின் ஆபரேஷன் கர்த்தருடைய கிருபையால்' என்று தொடங்குவது கர்த்தருக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரச் சீட்டு. அது இருக்கவேண்டிய இடம் சபையின் மஞ்சள் கவர். மஞ்சள் கவர் கால் மணி நேரத்துக்கு முன் காணிக்கைப் பைக்குள் விழுந்தது. போட்டது இந்தக் கைதான்.

மஞ்சள் கவர்கள் இப்போது வாசிப்பு மேசைமேல் ஒரு அடுக்காக இருந்தன. ஆறாவது பெஞ்சிலிருந்தே எண்ண முடிந்தது, பதினேழு. அவர் சபைக் காரியதரிசியாக இருந்த பதினான்கு வருடமும் இந்தக் கவர்கள் கோவிலுக்குள் பிரிக்கப்பட்டதில்லை. உள்ளறைக்கு எடுத்துப் போவார், பிரிப்பார், பெயர்களை அகரவரிசையில் ஒரு தாளில் எழுதுவார், வந்து நிறுத்தி நிதானமாக வாசிப்பார். காரணங்களை வாசிக்கமாட்டார், காரணம் கர்த்தருக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. போன வருடத் தேர்தலில் ஏழு ஓட்டில் தோற்றார். ஜெயித்த தவராஜ், மின்வாரியத்தில் லைன்மேன், முப்பத்து நாலு வயது, வந்த முதல் ஞாயிறே கவர்களைச் சபைக்கு முன்னால் பிரித்து, உள்ளே எழுதியிருப்பதை எழுதியபடியே வாசித்தான். எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாமல் வாசிப்பான். சீட்டை முதலில் வாசித்துவிட்டு, பிறகு கவரைத் திருப்பி, அதன்மேல் எழுதியிருக்கும் பெயரைச் சொல்லுவான். பெயருக்குரியவர் எழுந்து நிற்கவேண்டும். கடைசியில் நிற்கிற எல்லாருக்குமாகச் சபைக் குருவான ஐயர் ஜெபம் செய்வார்; அதன்பிறகுதான் உட்காரலாம். சபைக்கு இது மிகவும் பிடித்துப் போயிற்று. யார் வீட்டில் என்ன விசேஷம் என்று தெரிகிறதல்லவா? "தன் பேத்திக்குப் பல் முளைத்ததற்காக," என்று வாசித்துக்கொண்டிருந்தான் தவராஜ். கவரைத் திருப்பினான். "எமிலி ஆச்சி." பெண்கள் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சேலை எழுந்தது. பொன்ராஜ் அண்ணாச்சி சாரின் காதுப்பக்கம் சாய்ந்தார். "பல்லுக்கே கவர் போட்டா கிழவி, இன்னும் பாக்கி முப்பத்தொண்ணு இருக்குல்லா," என்றார். சார் சிரிக்கவில்லை. "என்ன சார்வாள், இந்தக் காத்துல உமக்கு இப்படி வேர்க்குது?" "ஒண்ணுமில்ல அண்ணாச்சி. மருந்துச் சூடு." சீட்டு முதலில், பெயர் பிறகு. மஞ்சள் கவரின்மேல் லில்லியின் உருண்டையான கையெழுத்து: திரு. ஞானசிகாமணி, தலைமையாசிரியர், ஓய்வு. கிட்டத்தில் பார்வை போதாது என்று மனைவியையே எழுதச் சொல்லியிருந்தார். கீழே அச்சிட்ட நாலு கட்டங்களில் 'சுகம்' என்ற கட்டத்தில் அவளே டிக் போட்டாள். உள்ளே, கையெழுத்தில்லாத கடிதம். பெயரில்லாமல் எழுதிய ஒன்றுக்கு இவ்வளவு தெளிவாக முகவரி கொடுத்தவன் சரித்திரத்தில் வேறு யாரும் உண்டா என்று அவர் மனம் தேடியது. தேடுகிற நேரமா இது?

மொட்டைக் கடிதம். அந்த வார்த்தையை அவர் இதுவரை தன் கடிதத்துக்குச் சூட்டவில்லை. இப்போது அது தானாக வந்து உட்கார்ந்தது. பள்ளிக்கூடத்தில் அவருக்கு மாதம் இரண்டு வரும். கணக்கு வாத்தியார் டியூஷன் எடுக்கிறார், வாட்ச்மேன் தூங்குகிறான். அதை ஆசிரியர் அறையில் எல்லாரும் பார்க்கும்படி கிழித்து, "பேரைப் போடத் தைரியமில்லாதவனுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை," என்பார். அது வேறு, இது வேறு. இது விசுவாசிக்குரிய கடமை. இன்று தவராஜுக்கு மூன்றாம் ஓலை. நிச்சயமான கல்யாணத்தைச் சபைக்கு அறிவித்து, தடை உண்டா என்று மூன்று ஞாயிறு ஐயர் கேட்பார். மூன்றாவது ஓலை முடிந்துவிட்டால் பிறகு யார் வாயைத் திறந்தும் பயனில்லை. பெண் ஹெப்சிபா, அரசு ஆஸ்பத்திரி நர்ஸ், அருமைநாயகத்தின் ஒரே மகள். தவராஜ் நாலு வருடத்துக்கு முன் குடித்துக் குடித்துக் கம்பத்திலிருந்து விழப்போய், மறுவாழ்வு இல்லத்தில் கிடந்தவன். அதைப் பெண் வீட்டாருக்குச் சொன்னார்களா? சொல்லாமலிருந்தால் சொல்லவேண்டியது யார்? குற்றவாளி என்று தீர்ப்பது வேறு, பகுத்தறிவது வேறு. பிறன் கண்ணில் துரும்பு, தன் கண்ணில் உத்திரம் என்று அரைமணி நேரம் பிரசங்கித்த இந்த இளவயது ஐயர், வேதத்தில் அதே அதிகாரத்தில் நாலு பத்தி தள்ளி, கனியைப் பார்த்து மரத்தை அறியச் சொல்லியிருக்கிறதே, அதை ஏன் தொடவில்லை? சார் அதை அப்போதே மனதில் குறித்துக்கொண்டார். குறித்துக்கொண்ட பிறகும் ஏனோ, ஐயர் ஆமென் சொன்னபோது, கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கிழித்துவிடலாம் என்றுதான் பையைத் தொட்டார். காலையில் உள்ளறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடப் பார்த்தார், பாடகர் குழு அங்கே நின்று அங்கி மாட்டிக்கொண்டிருந்தது. ஆராதனைக்கு முன் ஐயர் கையில் கொடுக்கப் பார்த்தார், ஐயரம்மா கூட நின்றாள். இரண்டு தடவையும் தப்பித்ததுபோலத்தான் இருந்தது. தப்பித்தது யார்? அதற்கும் முன், வீட்டில், கோவிலின் இரண்டாம் மணி அடித்தபோது லில்லி வாசலிலிருந்து, "நீங்க வரதுக்குள்ள அங்க ஆசீர்வாதமே முடிஞ்சிரும்," என்று சத்தம் போட்டதும், கடைசியாக ஒரு தடவை பார்க்க வெளியே எடுத்த கடிதமும் சீட்டுமாக, ஒரே நோட்டிலிருந்து கிழித்த இரண்டு மடிப்புகளையும் மேசையிலிருந்து கலங்கலாகப் பார்த்து எடுத்ததும், மாறியது அங்கேதான், அந்த இடத்தில்தான். அவள் சத்தம் போடாமலிருந்தால்? இல்லை. அவள்மேல் போடாதே.

"தன் மகனுடைய சுகத்துக்காக," என்றான் தவராஜ். கவரைத் திருப்பினான். குரல் ஒரு இழை தாழ்ந்ததா, அல்லது சாருக்கு அப்படிக் கேட்டதா? "பொன்ராஜ் அண்ணாச்சி." அண்ணாச்சி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்; பெஞ்சின் ஒரு முனை மேலே போய்க் கீழே வந்தது. குனிந்து, "எட்வினுக்கு ஒரு வாரமாக் காய்ச்சல் சார்வாள். இப்பத் தேவல," என்றார். சார் தலையாட்டினார். காய்ச்சல். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தே கால் மணிக்கு அந்தக் காய்ச்சலை அவர் பார்த்தார். சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பின்வழியாக வந்தவர் பார் வாசலில் தவராஜைக் கண்டார். புதுக் கண். முப்பது அடி தூரம். சட்டைப் பித்தான்கூடத் தெரிந்தது. கடிதத்தில் எழுதினார்: பாரிலிருந்து வெளியே வந்ததை என் கண்ணால் கண்டேன். பொய்யில்லை. ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஆனால் வெளியே வந்தது ஒரு ஆள் அல்ல, இரண்டு பேர். தவராஜின் தோளில் ஒரு கை கிடந்தது, அந்தக் கைக்குரியவனுக்கு ஒரு காலில் செருப்பு இல்லை, அவன் தள்ளாடினான், அவன் முகத்தையும் புதுக் கண் முப்பது அடியிலிருந்து சரியாகவே படித்தது. எட்வின். பொன்ராஜ் அண்ணாச்சியின் இளையவன். அதை எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? அண்ணாச்சி நாற்பது வருடச் சிநேகிதர். போன தேர்தலில் வீடு வீடாகப் போய் அவருக்காகப் பேசியவர். அந்த வீட்டுப் பிள்ளையை வெளியே இழுக்க மனம் வரவில்லை. நல்லது, அது கிருபை. அப்படியானால் தவராஜ் விஷயத்தில் அதே கிருபை எங்கே போயிற்று? தள்ளாடியது இரண்டு பேருமாக இருக்கலாம் என்று நினைத்தார். ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு வருகிற குடிகாரர்களை யார்தான் பார்த்ததில்லை? ஆனால் தவராஜ் குனிந்து அந்த ஒற்றைச் செருப்பை எடுத்தான். குடித்தவன் அப்படிக் குனிந்தால் நிமிரமாட்டான். தவராஜ் நிமிர்ந்தான், எட்வினைப் பைக்கில் முன்னால் உட்காரவைத்தான், இரண்டு கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு ஓட்டிப்போனான், நேராகத்தான் போனான். இதெல்லாம் செவ்வாய்க்கிழமையே கண்ணுக்குத் தெரிந்தது. கடிதம் எழுதியது சனிக்கிழமை, கலங்கலோடு கொட்டை கொட்டையாக. அந்த நாலு நாளில் எட்வின் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, கை தேய்ந்து, செருப்பு தேய்ந்து, தாளில் தவராஜ் மட்டும் மிச்சமிருந்தான். ஏழு ஓட்டு. அதைத் தவிர வேறு காரணம் இருக்கிறதா என்று அவர் தேடினார். அருமைநாயகத்தின்மேல் அக்கறை என்றால் அவர் வீடு சாருடைய தெருவிலேயே இருபது வீடு தள்ளி. நடந்தே போகலாம்.

எழுந்து போய்விட்டால் என்ன? தூணை உடைத்துக்கொண்டு போகமுடியாது. இந்தப் பக்கம் அண்ணாச்சி நிற்கிறார், அவருக்கு அப்பால் மூன்று பேர். மேசைக்குப் போய், கவர் மாறிவிட்டது, தா என்று கேட்கலாம். எதனோடு மாறியது என்று கேட்டால்? மயக்கம் வந்ததுபோல விழலாம். விழுந்தால் தண்ணீர் தெளிப்பார்கள், அப்போதும் கவர் அங்கேதான் இருக்கும். காற்று. ஆடிக் காற்று அந்த அடுக்கை வாரிக்கொண்டு போகட்டும் என்று அறுபத்தேழு வயதுக்காரர் ஜெபித்தார். அது உண்மையான ஜெபம், இன்று காலையிலிருந்து அவர் செய்ததில் அது ஒன்றுதான் உண்மையான ஜெபம். காற்று வந்தது. தவராஜ் பாட்டுப் புத்தகத்தைத் தூக்கி அடுக்கின்மேல் வைத்தான். பெண்கள் பக்கத்திலிருந்து லில்லி அவரைப் பார்த்து, நம்முடையது அடுத்தது என்பதுபோலச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது? தெரியாது, பத்து நிமிடமாக ஒவ்வொரு கவருக்கும் அவள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். தவராஜ் ஒரு கவரைப் பிரித்தான். கனமான கவர். இரண்டு தாளை விரித்தான். "மகா கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம்," என்று வழக்கமான குரலிலேயே தொடங்கினான். "இன்று மூன்றாம் ஓலை வாசிக்கப்படவிருக்கும் தவராஜ் என்பவர்..." நின்றான். கோவில் சிரிக்கத் தொடங்கியது, மாப்பிள்ளைக்கு வாழ்த்து என்று நினைத்துக்கொண்டு. அவன் கண் மட்டும் தாளில் கீழே இறங்கிப் போனது. ஐயர் கையை நீட்டினார். "கொடுங்க தம்பி, நான் பாத்துக்கிடுதேன்." தவராஜ் தலையை அசைத்தான். "எல்லாருதையும் வாசிச்சேன் ஐயா. இதை மட்டும் எப்படி விடுதது?" வாசித்தான். குடியினால் ஆறு மாதம் மறுவாழ்வு இல்லத்தில் இருந்தவர். சென்ற செவ்வாய்க்கிழமை மாலை பாரிலிருந்து வெளியே வந்ததை என் கண்ணால் கண்டேன். பெண் வீட்டார் இதை அறிவார்களா? அறியாவிட்டால் மௌனமாயிருப்பது நமக்குப் பாவமல்லவா? இப்படிக்கு, சபையின் நலம் விரும்பி. அவருடைய வாக்கியங்கள் அவன் வாயில் நன்றாகவே இருந்தன. நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தினான். பிறகு தாளை மடித்தான். "ஆறு மாசம் இல்ல. எட்டு மாசம்," என்றான். "செவ்வாக்கிழமை பார்லருந்து வந்ததும் நெசம்தான்." அவ்வளவுதான் சொன்னான். முன்வரிசையிலிருந்து அருமைநாயகம் உட்கார்ந்தபடியே, "எட்டு மாசம் எங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளையே வந்து சொன்னாரு," என்றார். செவ்வாய்க்கிழமையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பிடரி சிவந்திருந்தது, அது ஆறாவது பெஞ்சுக்கே தெரிந்தது. பெண்கள் பக்கத்தில் ஹெப்சிபா கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அண்ணாச்சி நின்றபடியே சிலையாகியிருந்தார். தவராஜ் கவரைத் திருப்பினான்.

படித்தான். அவன் படித்தது சாருக்குத் தெரிந்தது. லில்லியின் உருண்டை எழுத்தில் அவன் கண் இடமிருந்து வலமாக ஒரு தடவை போயிற்று. சார் எழுந்திருக்கக் காலைத் தயார்செய்தார். வெட்கப்படுவதற்கும் ஒரு ஆயத்தம் வேண்டியிருக்கிறது. தவராஜ் அந்தக் கவரை அடுக்கின் அடியில் சொருகிவிட்டு அடுத்ததை எடுத்தான். புது வீட்டுக்கு நிலை வைத்ததற்காக. மருமகள் பாஸ் செய்ததற்காக. மழைக்காக. தப்பித்தோம் என்று முதலில் ஒரு குரல் உள்ளே சொன்னது, அந்தக் குரல் அவருடையதுதான், அது அவருக்கு நன்றாகத் தெரியும். கடைசியில் அடியிலிருந்த மஞ்சள் கவரை மறுபடி எடுத்து, உள்ளே ஒன்றும் இல்லாததைப் பார்த்து வாசிப்பவன்போல, "கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுக்காக. ஞானசிகாமணி சார்," என்றான் தவராஜ். கேலி இல்லை. கேலி இருக்கிறதா என்று சார் அந்தக் குரலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். இல்லை. எழுந்தார். ஜனங்கள் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தார்கள், லில்லி பூரித்தாள். ஐயர் பதினேழு குடும்பத்துக்காகவும் ஜெபித்தார், பல்லுக்காகவும் காய்ச்சலுக்காகவும், "எங்கள் சாருடைய கண்களுக்காகவும்." ஆமென் என்று சபை சொன்னது. நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். பெஞ்சின் முனை மேலே போய்க் கீழே வந்தது. ஐயர் ஓலைத் தாளை எடுத்து, முன்வரிசையைப் பார்த்தார். "அருமைநாயகம் அண்ணாச்சி, வாசிக்கட்டுமா?" "வாசிங்க. தடை இருக்கான்னு கேக்கத்தானே ஓலை." வாசித்தார். கனகவிளைச் சேகரம், மறைந்த தவசிமுத்து அவர்களின் குமாரன் தவராஜுக்கும், அருமைநாயகம் அவர்களின் குமாரத்தி ஹெப்சிபாவுக்கும். இது மூன்றாம் ஓலை. இவர்கள் விவாகத்துக்கு யாராவது தடை அறிந்திருந்தால் இப்பொழுதே தெரிவிக்கவேண்டும். இந்த இடத்தில் ஐயர் வழக்கமாக ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார். இன்று நிறுத்தியது நீண்டது. தாளிலிருந்து அவர் நிமிர்ந்து எதையோ பார்த்தார். அவர் பார்த்த திசையில் முன்வரிசையில் அருமைநாயகத்தைத் தவிர மற்றவர்கள் திரும்பினார்கள், பிறகு பெண்கள் பக்கமும் திரும்பியது. இத்தனை பேர் எதைப் பார்க்கிறார்கள் என்று ஞானசிகாமணி சாரும் பார்க்க நினைத்தபோதுதான், கோவிலில் தான் ஒருவர் மட்டும் இன்னும் உட்காராமல் நிற்பது அவருக்குத் தெரிந்தது. அண்ணாச்சி வேட்டியைப் பிடித்து இழுத்தார். "உக்காரும் சார்வாள். தடை கேக்காங்க, நீரு நின்னா என்ன நெனைப்பாங்க?" உட்காரலாம். மறந்துவிட்டேன், வயதாகிவிட்டது என்றால் எல்லாரும் சிரிப்பார்கள், ஐயர் மிச்சத்தை வாசிப்பார், செவ்வாய்க்கிழமை மட்டும் அருமைநாயகத்தின் பிடரியில் அப்படியே நிற்கும், கல்யாணம் வரைக்கும், அதற்குப் பிறகும். தூணில் கையை ஊன்றினார். உட்காரவில்லை. "சார் ஏதாவது சொல்லணுமா?" என்றார் ஐயர். "ஆமா," என்றார். வகுப்பறைக் குரல் வரவில்லை. வந்தது வேறு ஏதோ குரல். "அந்தக் கடிதம் நான் எழுதினது. நான் பாத்ததுல பாதிதான் அதுல எழுதினேன். பார்லருந்து வந்தது ரெண்டு பேரு. தள்ளாடினது ஒருத்தன்தான். அது தவராஜ் இல்ல. அவன் அந்தப் பையனைத் தாங்கிட்டு வந்தான், பைக்குல வச்சுக் கூட்டிட்டுப் போனான். செவ்வாக்கிழமையே எனக்கு அது தெரியும்." லில்லி இருக்கும் பக்கம் அவர் பார்க்கவில்லை. வேட்டியைப் பிடித்திருந்த அண்ணாச்சியின் கை அப்படியே இருந்தது, இழுக்கவுமில்லை, விடவுமில்லை. பின்னாலிருந்து யாரோ, "இன்னொருத்தன் யாருவே அது?" என்றார்கள். கோவில் முழுவதும் அந்தப் பெயருக்காகக் காத்திருந்தது. மேசையருகே தவராஜ் முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல மிக இலேசாகத் தலையை அசைத்தான். அதற்கு அவசியமிருக்கவில்லை. "அவன் இந்த ஓலையில இல்லாத ஆளு," என்றார் சார். "அவனைப் பத்தி இங்க கேள்வி இல்ல." ஆராதனை தொடங்கியதிலிருந்து முன்பக்கமே பார்த்துக்கொண்டிருந்த அருமைநாயகம் பெஞ்சின்மேல் கையை ஊன்றி முழுக்கத் திரும்பினார். அவர் கண் ஈரமாயிருந்தது, கோபமும் இருந்தது, எது எவ்வளவு என்று அவ்வளவு தூரத்திலிருந்து புதுக் கண்ணுக்கும் பிரித்துச் சொல்லமுடியவில்லை. "இருபது வீடுதானே சார்," என்றார். "வந்து சொல்லியிருந்தா ஒரு காப்பித் தண்ணி குடிச்சிட்டே பேசியிருக்கலாம்லா." "வந்திருக்கணும்," என்றார் ஞானசிகாமணி சார். ஐயர் ஓலையின் மீதியை வாசித்து முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டேயிருந்தார்.